கடிகாரத்துக்குப் பித்தளை எப்படித் தெரியும்?

'தி லாஸ்ட் ரூம்' பார்த்த இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நேராகச் சாவிக்குத்தான் போகும். எந்தக் கதவையும் திறக்கும் சாவி. யாருக்குத்தான் ஆசை வராது? அதற்கடுத்து சீப்பு, பிறகு கண். கடிகாரத்தைப் பற்றிப் பேச ஆளே கிடைப்பதில்லை. எனக்கோ தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கடிகாரம்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன், முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2006 டிசம்பர் 11, 12, 13 என்று மூன்று இரவுகள் அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் ஓடிய குறுந்தொடர். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் கேலப் என்ற ஊர். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை அந்த ஊர் வழியாகத்தான் போனது. அங்கே சன்ஷைன் மோட்டலில் 10-ஆம் எண் அறை. 1961 மே 4, பிற்பகல் 1 மணி 20 நிமிடம் 44 நொடி. அந்தக் கணத்தில் என்னவோ நடக்கிறது. தொடரில் அதற்கு 'நிகழ்வு' என்றுதான் பெயர். அறை உலகத்திலிருந்தே பிய்ந்து போய்விடுகிறது. உள்ளே இருந்த ஏறக்குறைய நூறு சாதாரணச் சாமான்களுக்கு ஆளுக்கொரு விசித்திர சக்தி வந்துவிடுகிறது. அவற்றைத்தான் 'ஆப்ஜெக்ட்' என்கிறார்கள். வெளியே எதைக்கொண்டும் அவற்றை உடைக்க முடியாது. அறைக்குள் கொண்டுபோனால் அவற்றின் சக்தி வேலை செய்யாது.

போலீஸ்காரன் ஜோ மில்லரின் சின்ன மகள் அன்னா அந்த அறைக்குள் மாட்டிக்கொள்கிறாள். சாவி வெளியே இருக்க, கதவு மூடிக்கொள்கிறது. சாவி வெளியே இருக்கும்போது கதவு மூடினால் அறை 'ரீசெட்' ஆகும், ஆப்ஜெக்ட் அல்லாத எல்லாம் காணாமல் போய்விடும். மறுபடி திறந்து பார்த்தால் கட்டில் இருக்கிறது, அன்னா இல்லை. மீதிக் கதை முழுக்க அப்பா மகளைத் தேடுவதுதான்.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். அதன் சக்தி பித்தளையைப் பதங்கமாக்குவது. திடமாக இருப்பது உருகாமல் கொள்ளாமல் நேராக ஆவியாகிப் போய்விடும். நூறு சாமான்களில் ஒன்றுக்கு இப்படியும் ஒரு வேலை கொடுத்தார்களே என்று சிரித்துவிட்டு எல்லாரும் அடுத்த சாமானுக்குப் போய்விடுகிறார்கள். நான் வேலை பார்ப்பது ஒரு வார்ப்பாலையின் பரிசோதனைக் கூடத்தில். உலோகத் துண்டை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து, ஒரு பொறி விட்டு, இதில் செம்பு எத்தனை சதவீதம், துத்தநாகம் எத்தனை, ஈயம் எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. பித்தளை எது, எது பித்தளை இல்லை என்பது என் மேஜையில் தினமும் நடக்கிற வழக்கு. அதனால் என்னால் அவ்வளவு சுலபமாக அடுத்த சாமானுக்குப் போக முடியவில்லை.

ஏனென்றால் பித்தளை ஒரு தனிமம் இல்லை. செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்து மனிதன் செய்துகொண்ட கலவை. 60-க்கு 40 போட்டாலும் பித்தளை, 70-க்கு 30 போட்டாலும் பித்தளை. 95-க்கு 5 போட்டதையும் பித்தளைக் குடும்பத்தில்தான் சேர்க்கிறோம், பார்வைக்கு அது செம்பு மாதிரிதான் இருக்கும். கடைசலுக்கு வருகிற பித்தளைக் கம்பியில் சுமார் 3 சதவீதம் ஈயமும் இருக்கும். அந்த ஈயம் செம்போடு கரைவதில்லை. துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பொன்னிறத் தரையில் கருப்புப் புள்ளிகளாகத் தனித்தனியே தெரியும்.

சூடு பண்ணினால் பித்தளை ஒன்றாக ஆவியாகாது என்பது உலைப் பக்கம் நின்ற எவருக்கும் தெரியும். துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி செல்சியஸ். செம்புக்கு 2,500 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதனால் பித்தளை உருக்கும்போது மூசையிலிருந்து முதலில் கிளம்புவது துத்தநாகம்தான். காற்றுப் பட்டதும் எரிந்து வெள்ளை வெளேரென்று புகையாக எழும்பும், பக்கத்துத் தூண்களில் மாவு மாதிரி படியும். உலைக்காரர்கள் இழந்த துத்தநாகத்தைக் கணக்குப் போட்டு மேலே கொஞ்சம் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். இயற்கைக்குப் பித்தளை என்று ஒரு பொருளைத் தெரியாது. செம்பைத் தெரியும், துத்தநாகத்தைத் தெரியும், இரண்டையும் தனித்தனியாகத்தான் கையாளும்.

ஆனால் அந்தக் கடிகாரத்துக்குப் பித்தளை தெரிகிறது. செம்பை விட்டுவிடுகிறது, துத்தநாகத்தை விட்டுவிடுகிறது, இரண்டும் சேர்ந்த கலவையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது?

இதை என் தம்பியிடம் சொன்னேன். இந்தத் தொடரை எனக்குக் காட்டியதே அவன்தான். "அக்கா, அது வேடிக்கைக்கு எழுதினது, அதுக்குப் போய் லேப் ரிப்போர்ட் கேக்கறியே" என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டு, "அப்போ பென்சில்ல வர்ற காசை அந்தக் கடிகாரம் தின்னுமா?" என்று கேட்டான். அவனும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

நல்ல கேள்வி. ஆப்ஜெக்ட்களில் ஒரு பென்சில் உண்டு. அதைத் தட்டினால் 1961-ஆம் ஆண்டு பென்னி ஒன்று உருவாகும். இன்னொரு தட்டு, இன்னொரு பென்னி. அந்த ஆண்டு பென்னியின் எடை 3.11 கிராம். 95 சதவீதம் செம்பு, மீதி 5 சதவீதம் வெள்ளீயமும் துத்தநாகமும். வெள்ளீயம் இருப்பதால் அது கணக்குப்படி வெண்கலம். 1962-இல் அமெரிக்க நாணயச் சாலை வெள்ளீயத்தை எடுத்துவிட்டு 95-க்கு 5 என்று செம்பும் துத்தநாகமுமாக மாற்றியது. அதாவது 1963 பென்னி, நான் கையெழுத்துப் போடுகிற கணக்கில், பித்தளை. ஒன்றையும் மற்றதையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கடிகாரம் என் ஸ்பெக்ட்ரோமீட்டர் மாதிரி யோசித்தால் 1963 காசு மாயமாகும், 1961 காசு மேஜையிலேயே கிடக்கும். சாதாரண மனிதன் மாதிரி யோசித்தால் இரண்டும் கிடக்கும், ஏனென்றால் சாதாரண மனிதனுக்கு இரண்டுமே செப்புக்காசு.

கடிகாரம் சாதாரண மனிதன் மாதிரிதான் யோசிக்கிறது என்பது என் கட்சி. கடிகாரம் மட்டுமில்லை, அந்த அறையிலிருந்து வந்த எல்லாமே.

மற்ற சாமான்களைப் பாருங்கள். கைக்கடிகாரம் ஒன்று முட்டையை வேகவைக்கும். வெப்பம் கொடுக்கிறது என்றால் தண்ணீரையும் சுட வைக்க வேண்டும், கறியையும் வேகவைக்க வேண்டும். இது முட்டையை மட்டும்தான். பஸ் டிக்கெட் ஒன்றை யார்மேலாவது வைத்தால் அந்த ஆள் கேலப் ஊருக்கு வெளியே சாலையில் போய் விழுவார். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. 1961 மே மாதம் கேலப் இருந்த இடம் இப்போது வெறும் வெளி. டிக்கெட்டுக்கு அந்தக் கணக்கு தேவைப்படுவதே இல்லை. 1985-இல் ரூட் 66-ஐ நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள், டிக்கெட்டுக்கு அதுவும் ஒரு பொருட்டில்லை. மனிதர்கள் எதைக் கேலப் என்கிறார்களோ அங்கே கொண்டுபோய் விடுகிறது. குடை ஒன்று, பார்க்கிறவர்களுக்கு உங்களை ஏற்கெனவே தெரிந்தவர் என்று தோன்றச் செய்யும். 'தெரிந்தவர்' என்பதை எந்தத் தராசில் நிறுப்பது?

சாவியும் அதே ஜாதிதான். அது திறப்பது கீல் உள்ள, டம்ளர் பூட்டுப் போட்ட கதவுகளை மட்டும். தள்ளுகதவு ஆகாது. அதில் 'பின்-டம்ளர்' என்ற வகைப் பூட்டின் உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சரியான சாவியின் பற்கள் எல்லா ஊசிகளையும் ஒரே மட்டத்துக்கு உயர்த்தினால்தான் அந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி உருளையின் விளிம்போடு ஒத்துப்போகும், உருளை திரும்பும். ஒரு சாவியின் வெட்டு ஒரு பூட்டுக்குத்தான் பொருந்தும். 10-ஆம் அறைச் சாவியின் வெட்டு மாறுவதே இல்லை, ஆனாலும் ஊரில் உள்ள பூட்டெல்லாம் திரும்புகிறது. அது ஊசிகளோடு பேசவில்லை. 'இது பூட்டிய கதவு, நான் சாவி' என்ற உறவோடு பேசுகிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் இரவில் வந்த இரண்டு பகுதிகளின் பெயர்கள் சாவி, கடிகாரம். அந்தப் பூட்டுகளின் உருளையும் ஊசிகளும் பெரும்பாலும் எதனால் செய்கிறார்கள் தெரியுமா? பித்தளையால். சாவி இருப்பவன் பூட்டைத் திறப்பான், கடிகாரம் இருப்பவன் பூட்டையே இல்லாமல் செய்வான். இது எழுதியவர்கள் யோசித்து வைத்ததா, தானாக அமைந்ததா, எதுவாக இருந்தாலும் சரி, இதைக் கவனித்த அன்று சந்தோஷத்தில் தம்பியை வேலை நேரத்தில் கூப்பிட்டுவிட்டேன். அந்தக் கடைசல் பித்தளையில் ஈயம் இருக்குமே, கடிகாரம் பட்டால் ஈயம் மட்டும் பொடியாகப் பூட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்குமா என்று அவன் கேட்டான். என் கட்சிப்படி கொட்டாது. பித்தளையில் ஈயம் இருக்கிறது என்று சாதாரண மனிதனுக்குத் தெரியாது, அதனால் எல்லாம் சேர்ந்தே போகும்.

அப்படியானால் யார் அந்தச் சாதாரண மனிதன்? தொடர் ஒருவனைக் காட்டுகிறது. எடி மெக்ளீஸ்டர். நிகழ்வு நடந்தபோது அந்த அறையில் தங்கியிருந்தவன், எல்லாரும் 'ஆக்குபன்ட்' என்று குறிப்பிடுகிறவன். அவனும் ஓர் ஆப்ஜெக்ட். 1961-இல் இருந்த வயதிலேயே இருக்கிறான். வெளியே வந்து வீட்டுக்குப் போனால் மனைவிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் வாழ்ந்த தடமே உலகத்திலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. சீப்பும் பேனாவும் டிக்கெட்டும் அவன் கொண்டுவந்த சாமான்கள். முட்டை என்றால் என்ன, கதவு என்றால் என்ன, கேலப் எங்கே இருக்கிறது, எது பித்தளை, யார் தெரிந்தவர் என்பதெல்லாம் அவன் தலையில் இருந்தவை. வார்ப்பில் மரமாதிரியை மணலில் அழுத்தி எடுத்தால் மரத்தின் ரேகைகூட மணலில் பதியும். மரம் மணலுக்குக் கட்டளை எதுவும் இடுவதில்லை. அதே மாதிரி அந்த ஒரு நொடியில் எடியின் உலகம் அந்தச் சாமான்களில் பதிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தம்பி இதை ஒப்புக்கொள்ளவில்லை. எடியின் மனம்தான் அச்சு என்றால் அவனுக்கு எல்லாச் சாமான்களின் குணமும் தெரிந்திருக்க வேண்டாமா என்கிறான். நான் அப்படி நினைக்கவில்லை. நம் பேச்சில் நம் ஊர்வாடை இருப்பது நமக்கே தெரியாதில்லையா?

அவன் எழுப்பிய இன்னொரு கேள்விக்குத்தான் என்னிடம் பாதி விடை இருக்கிறது. நிகழ்வு நடந்தபோது அறையில் இருந்ததெல்லாம் ஆப்ஜெக்ட் என்றால், காற்று? ஜன்னல் ஓரத்துத் தூசி? குழாயில் நின்ற தண்ணீர்? அறைக்குள் போய் மூச்சு இழுத்து வெளியே வந்து விட்டவர்கள் எல்லாரும் அழியாத காற்றை உலகத்தில் கலந்துவிட்டார்களா? என் கட்சி இதில் உதவுகிறது. அறையில் என்ன இருந்தது என்று எடியைக் கேட்டால் கட்டில், சாம்பல் கிண்ணம், ரேடியோ, கடிகாரம் என்று சொல்லுவான். காற்று இருந்தது என்று எவனும் சொல்ல மாட்டான். ஒருவன் சாமான் என்று எண்ணக்கூடியவை மட்டும் ஆப்ஜெக்ட் ஆயின. எண்ணிக்கை நூறை ஒட்டி நின்றதும் அதனால்தான்.

கதைக்குள்ளேயே இந்த விதிகளைத் துரத்துகிறவர்கள் குழுக்குழுவாக இருக்கிறார்கள். சாமான்களைச் சேர்த்து யார் கைக்கும் போகாமல் பூட்டிவைக்க நினைக்கும் லீஜன், அவற்றைக் கடவுளின் துண்டுகளாகக் கும்பிடும் ஆர்டர் என்று பெரிய கும்பல்கள். அவர்களில் என்னை உலுக்கியவன் மார்ட்டின் ரூபர். தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆர்வத்தில்தான் தொடங்குகிறான். போகப்போக, விடை கிடைத்தால் போதும், எவன் செத்தால் என்ன என்ற இடத்துக்கு வந்துவிடுகிறான். ஆய்வகக் கோட்டில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஜோ அவனுக்கு நேர் எதிர். விதி எதற்காக என்பது அவனுக்கு வேண்டாம். மகளிடம் போக எந்த விதி வழிவிடும் என்பது மட்டும்தான். கடைசியில் வழி விடுகிறது. ரீசெட்டில் தங்குவது ஆப்ஜெக்ட் மட்டும். அறைக்குள் ஆப்ஜெக்ட்டை அழிக்க முடியும். ஒன்று அழிந்தால் அதன் இடத்தை வேறொன்று எடுத்துக்கொள்ளும். எடி தன்னைக் கொல்லச் சொல்கிறான், ஜோ அறைக்குள் வைத்து அவனைச் சுடுகிறான், ஜோ புதிய ஆக்குபன்ட் ஆகிறான். அவனுக்கு உதவும் லீஜன் பெண் ஜெனிஃபர் வெளியிலிருந்து கதவை மூடுகிறாள். ஜோ காணாமல் போகவில்லை. அன்னாவைக் கண்டுபிடித்து வெளியே கூட்டிவருகிறான். எங்கிருந்தோ ஒரு புதிய மந்திரத்தைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்க்கவில்லை. எல்லாம் நமக்குச் சொல்லிவைத்த விதிகள்தான். மர்மக் கதை எழுதுகிறவர்கள் வாசகருக்குக் காட்ட வேண்டிய மரியாதை இது, அதற்காகவே எனக்கு இந்தத் தொடரின்மேல் இத்தனை பிரியம்.

ஆனால் அதற்குப் பிறகு? எடியை உலகம் மறந்தது, ஜோவை மறக்கவில்லை. அன்னாவுக்கு அப்பாவைத் தெரிகிறது, ஜெனிஃபருக்கும் தெரிகிறது. நிகழ்வு எடியை உலகத்திலிருந்து பிய்த்தெடுத்தது. ஜோ காலியான இடத்தில் பின்னால் வந்து உட்கார்ந்தவன், அவன் பழைய வாழ்க்கையில் கைவைக்க எதுவும் நடக்கவில்லை. இது வரை சரி. வயது விஷயம் அப்படி இல்லை. எடிக்கு வயது ஏறவில்லை என்றால் ஜோவுக்கும் ஏறாது. அன்னா வளர்வாள், கல்லூரி போவாள், ஒரு நாள் அப்பாவின் வயதை எட்டுவாள், தாண்டுவாள். ஜோ அதே முகத்தோடு பக்கத்தில் நிற்பான். அதிலிருந்து வெளியே வர விதி காட்டுவது ஒரே வழி. அறைக்குள் யாராவது அவனைக் கொன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்காக அதைச் செய்யக்கூடியவள் யார் என்று யோசித்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. எத்தனையோ பேர் அது அன்னாதான் என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

நான் அதை ஏற்கத் தயாராக இல்லை. விதி சொல்வது 'வேறொன்று இடத்தை எடுத்துக்கொள்ளும்' என்பதுதான். கொன்றவன்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கும் இல்லை. ஜோ எடுத்துக்கொண்டது அவன் சுட்டதாலா, அல்லது அறையில் அப்போது இருந்த இன்னொரு உயிர் என்பதாலா? இதைச் சோதித்துப் பார்க்க முடியும், ஓர் உயிரையும் பணயம் வைக்காமல். பென்சிலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போக வேண்டும். கூடவே வெளியே வாங்கிய ஒரு சாதாரண பென்சில், ஒரு மரத்துண்டு, ஒரு கல். அறைப் பென்சிலை உடைக்க வேண்டும். பிறகு வெளியே வந்து மூன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். வாங்கிய பென்சிலிலிருந்து பென்னி விழுந்தால் இடத்துக்கு வருவது அதே வகைப் பொருள், அப்போது ஜோவின் இடத்துக்கு ஒரு மனிதன் தேவைப்படும். கல்லிலிருந்து விழுந்தால் அன்னாவுக்குப் பயமில்லை. ஒன்றிலிருந்தும் விழாமல், உடைத்த ஆளின் விரலைத் தட்டும்போது விழுந்தால், நான் தோற்றேன்.

தம்பி மரத்துண்டு என்கிறான். நான் கல்லின் பக்கம்.